பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தபோது

தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடியிருந்த காலத்தைத் தேதிகளாகச் சொல்வது எளிது. 2020 மார்ச் 17 முதல் விடுமுறை. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து, அனைவரும் தேர்ச்சி. 2021 ஜனவரி 19 அன்று பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள் திறந்தன. பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பதினொன்றும். மார்ச்சில் மறுபடி மூடல். ஜூன் 5 அன்று பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் ரத்து. செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறப்பு. நவம்பர் 1 அன்றுதான் ஒன்று முதல் எட்டு வரையிலான குழந்தைகள் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். அவர்கள் கணக்கில் பத்தொன்பது மாதங்களுக்கு மேல்.

இந்தத் தேதிகள் அரசாணைகளில் இருக்கின்றன, அழியாது. பெண்பிள்ளைகளுக்கு அந்த மாதங்களில் எதெல்லாம் இல்லாமல் போனது என்பதற்கு அப்படிப்பட்ட பதிவேடு கிடையாது. 'கற்றல் இழப்பு' என்ற சொல் அப்போது வந்து ஒட்டிக்கொண்டது. எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை, எத்தனை பேருக்குக் கழித்தல் கணக்கு வரவில்லை என்று அளந்தார்கள். அளக்க வேண்டியதுதான். ஆனால் நான் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியொன்றில் சமூக அறிவியல் நடத்துகிறவள். பாடம் என்பது பள்ளிக்கூடத்தில் கிடைக்கிற பல பொருட்களில் ஒன்று மட்டுமே என்று எனக்குத் தெரியும். மற்றவற்றின் கணக்கைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

பெண்கல்வியின் வரலாறு, ஒரு வகையில், வீட்டைவிட்டு வெளியே நடந்த வரலாறு. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிப் பெண்கள் 'உயர்சாதி' வீடுகளுக்கும் முஸ்லிம் வீடுகளுக்கும் போய், உள்கட்டில் உட்கார்ந்து எழுத்தும் தையலும் சொல்லித்தந்தார்கள். ஜெனானா கல்வி என்று அதற்குப் பெயர். பெண் வெளியே வரமாட்டாள், ஆகவே பாடம் உள்ளே போனது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பருவமடைந்த பிறகு புதுக்கோட்டையில் வீட்டிலிருந்தே படித்துத்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எழுந்த எதிர்ப்பும், மன்னர் தலையிட்டு அனுமதி தந்ததும் தெரிந்த கதை. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் டாக்டர் பட்டம். குழந்தை விதவையான சகோதரி சுப்புலட்சுமியும் வீட்டில்தான் எழுத்தைத் தொடர்ந்தார். ஆனால் அவர் மற்ற இளம் விதவைகளுக்கு ஏதாவது செய்ய நினைத்தபோது, வீடுவீடாகப் போய்ச் சொல்லித்தர முனையவில்லை. அவர்களை வீட்டிலிருந்து வெளியே எடுத்துவந்து விடுதியில் வைத்தார். திருவல்லிக்கேணி கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அவர் நடத்திய இல்லத்தின் முக்கியமான பாடம், என் பார்வையில், அந்தப் பெண்களுக்குக் கிடைத்த ஒருவர் மற்றவரின் துணைதான். மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கப்பட்ட ஒரு சிறுமி, தன்னைப் போலவே இன்னும் பலர் இருப்பதைக் கண்ணால் பார்த்தாள்.

இந்தக் கதை எல்லாப் பெண்களின் கதையும் அல்ல. உழைக்கும் சாதிப் பெண்கள் என்றுமே திரைக்குப் பின்னால் இருந்ததில்லை. வயலிலும் களத்திலும் செங்கல் சூளையிலும் இருந்தார்கள். அவர்களைத் தடுத்தது பள்ளியின் வாசற்படி. அயோத்திதாசரும் மற்றவர்களும் தனிப்பள்ளி கேட்டதும், 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியதும் அதனால்தான். அந்த வாசற்படியைத் தாண்டிவர மூன்று நான்கு தலைமுறைகள் ஆயின. 2020இல் நடந்த விநோதம் இதுதான்: ஜெனானா முறையை ஒருபோதும் அறியாத குடும்பங்களின் பிள்ளைகளிடம், 'வீட்டுக்குள் இருந்தே படி' என்று சொன்னோம். உள்கட்டு என்ற ஒன்றே இல்லாத, ஒற்றை அறை வீடுகள் அவை.

எங்கள் பள்ளிக்குப் பெரும்பாலான பிள்ளைகள் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். பத்தாம் வகுப்பு வரை பஸ் பாஸ், பதினொன்றில் இலவச சைக்கிள். அந்தச் சைக்கிளைப் பற்றி அரசியல் மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் சைக்கிள் போகிற சாலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலை எட்டேகாலிலிருந்து ஒன்பது வரை, மாலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை, ஒரு பெண்பிள்ளை எந்தக் காரணமும் சொல்லாமல் வெளியில் இருக்கக்கூடிய நேரம் அது. நான்கு பேர் சேர்ந்து மெதுவாக மிதிப்பார்கள். பெட்டிக்கடையில் நின்று தேன்மிட்டாய் வாங்குவார்கள். யாரைப் பற்றியோ சிரிப்பார்கள். பையனுக்கு அந்த நேரம் பள்ளி இல்லாத நாளிலும் உண்டு. கிரிக்கெட் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, பாலத்துச் சுவர் இருக்கிறது. ஊரடங்கு தளர்ந்த முதல் வாரமே பையன்கள் பாலத்துச் சுவருக்குத் திரும்பிவிட்டார்கள். பெண்பிள்ளைகளுக்கு வெளியே போவதற்குப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு சாக்கு கிடையாது. பள்ளி மூடியதும் சாலையும் மூடியது.

அடுத்தது தட்டு. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் வேர் 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் காலத்தில் போடப்பட்ட உணவு வரை போகும், நடுவில் காமராசர். இவ்வளவு பெரிய மரபு இந்த மாநிலத்தில் இருந்ததால்தான், பள்ளி மூடியிருந்தபோதும் அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சே எழுந்தது. கொடுத்தார்கள். நாங்கள்தான் வரிசையில் நிறுத்தி, எடைபோட்டு, கையெழுத்து வாங்கினோம். ஆனால் பையில் வாங்கிப்போன அரிசி வீட்டு உலையில் விழுகிறது. வீட்டு உலைச் சோற்றுக்கு ஒரு பரிமாறும் வரிசை உண்டு: அப்பா, அண்ணன், தம்பி, பிறகு அம்மாவும் மகளும். பள்ளியில் அவளுக்கென்று ஒரு தட்டு இருந்தது, அதில் அவளுக்கென்று ஒரு முட்டை இருந்தது. யாருக்கும் எடுத்துவைக்க வேண்டியதில்லை. செப்டம்பரில் பள்ளி திறந்தபோது சில பிள்ளைகளின் மணிக்கட்டைப் பார்த்தே எனக்குப் புரிந்தது.

2012இல் வந்த புதுயுகம் திட்டத்தில் நாப்கின் பள்ளியில்தான் கொடுக்கப்பட்டது. பள்ளி மூடிய மாதங்களில் பிள்ளைகள் மறுபடியும் பழைய துணிக்குப் போனார்கள். கடைக்குப் போகிறவர் அப்பா. அப்பாவிடம் எப்படிக் கேட்பது? ஒரு மாணவி என்னிடம் போனில் அறிவியல் பாடச் சந்தேகம் கேட்பதுபோல் ஆரம்பித்து, குரலைத் தாழ்த்தி, "மிஸ், ஸ்கூல்ல அந்த பாக்கெட் இருக்கா?" என்றாள். நான் சமூக அறிவியல் மிஸ் என்பது அவளுக்கும் தெரியும். பக்கத்தில் யார் இருந்தார்களோ.

சரி, எல்லாம் இழப்பு மட்டும்தானா என்றால், இல்லை. எங்கள் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராத நாட்கள் உண்டு. மாதவிலக்கு நாட்களில் காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டு உட்காரும் கொடுமை அந்த மாதங்களில் இல்லை என்று பிள்ளைகளே சொன்னார்கள். வகுப்பில் ஐந்து வருடமாக வாயே திறக்காத ஒருத்தி, வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் கேள்வி அனுப்பினாள். எழுத்தில் அவளுக்குத் திக்குவாய் இல்லை. ஆக, பள்ளிக்கூடத்தை ஒரு சொர்க்கமாக நான் சித்தரிக்கவில்லை. அது ஓட்டைகள் நிறைந்த இடம்தான். ஆனால் வீடில்லாத ஓர் இடம்.

இனி போன். ஏசர் கிராமப்புற ஆய்வின்படி, இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளுள்ள வீடுகளில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவை 2018இல் 36.5 சதவீதம், 2020இல் 61.8, 2021இல் 67.6. வேகமான உயர்வுதான். அதே 2021 ஆய்வில், வீட்டில் போன் இருந்தும் அதைத் தொட வாய்ப்பில்லாத பிள்ளைகள் 26.1 சதவீதம். தேசிய குடும்ப நல ஆய்வு ஐந்தாவது சுற்றில், இணையத்தை என்றாவது பயன்படுத்திய ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3. இந்த எண்களுக்கிடையே உள்ள பள்ளத்தில்தான் என் வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டில் போன் இருக்கிறது என்றால் அப்பாவிடம் இருக்கிறது என்று பொருள். அவர் காலையில் வேலைக்குப் போகும்போது அதுவும் போகிறது. இரவு எட்டு மணிக்கு வருகிறது. அவர் பார்த்துமுடித்து, பிறகு அண்ணன் பார்த்து, பத்து மணிக்கு மேல் மகள் கைக்கு வரும்போது ஒன்றரை ஜிபி டேட்டாவில் மிச்சம் எதுவும் இருக்காது. எங்கள் வகுப்புக் குழுவில் வீட்டுப்பாடப் படங்கள் வந்து விழும் நேரம் இரவு பதினொன்று முதல் பன்னிரண்டரை. அந்த நேரத்தில் ஒரு பெண்பிள்ளை போனும் கையுமாக இருந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று தமிழ் வாசகிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. பாடத்துக்காக வாங்கிய போனே அவள்மீது சந்தேகப்படுவதற்குக் காரணமாயிற்று. யாருக்கு மெசேஜ், ஏன் லாக் போட்டிருக்கிறாய், ஏன் சிரித்தாய்?

இதில் கல்வித் தொலைக்காட்சி ஒரு நல்ல மாற்றுவழி. 2019 ஆகஸ்ட் 26 அன்று, கொரோனாவை யாரும் கேள்விப்படாத காலத்தில், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் தொடங்கப்பட்டது அது. டி.வி. என்பது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருந்தது. 2006 தேர்தலுக்குப் பின் கொடுத்த இலவசக் கலர் டி.வி.யைச் சில வீடுகளில் இன்னும் பார்க்கலாம். போனைப்போல் பையில் போட்டுக்கொண்டு அப்பா போய்விட முடியாது. ஆனாலும் டி.வி. கூடத்தில் இருக்கிறது, கூடத்தில் இருக்கிறவளை யாரும் எழுப்பலாம். "தண்ணி எடுத்துட்டு வா", "பால்காரர் வந்துட்டார் பாரு", "தம்பிய தூக்கு". அரைமணி நேரப் பாடத்தில் எத்தனை முறை எழுந்தாய் என்று ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டேன். எண்ணி எழுதி அனுப்பினார்கள். நான்குக்குக் குறைவாக யாரும் எழுதவில்லை. பையனைப் பெற்ற என் சக ஆசிரியையிடம் அதே கேள்வியை அவள் மகனிடம் கேட்கச் சொன்னேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. எதற்கு எழுந்திருக்க வேண்டும்?

வேலை என்பது வீட்டு வேலையோடு நிற்கவில்லை. எங்கள் பகுதி நூற்பாலைகள் நிறைந்த திண்டுக்கல் மாவட்டம். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலைபார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று ஆசைகாட்டிய 'சுமங்கலித் திட்ட'த்தின் பெயர் இப்போது வெளியே கேட்பதில்லை. மில் வேன்கள் மட்டும் கிராமத்துக்குள் வந்துபோய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஊரடங்கு தளர்ந்து மில்கள் ஓடத் தொடங்கியதும், பள்ளிகள் திறப்பதற்குப் பல மாதங்கள் முன்பே, அந்த வேன்களில் எங்கள் பிள்ளைகள் ஏறினார்கள். பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவளும் உண்டு, "ஸ்கூல் தெறக்குற வரைக்கும்தான் மிஸ்" என்றவளும் உண்டு.

கல்யாணங்கள் இதற்கு அடுத்த படி. குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 2019இல் 523, 2020இல் 785 என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். பதிவான வழக்குகள் நடந்த கல்யாணங்களில் ஒரு துளி. ஊரடங்கில் கல்யாணம் மலிவாக முடிந்தது: மண்டபம் வேண்டாம், ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று சட்டமே சொன்னது. வழக்கமாக இதையெல்லாம் முதலில் மோப்பம் பிடிப்பவர்கள் பிள்ளையின் தோழிகள். "மிஸ், அவ நேத்துலேர்ந்து அழறா" என்று வந்து நிற்பார்கள். நாங்கள் தலைமை ஆசிரியையிடம் போவோம், 1098க்குப் போன் செய்வோம். அந்த ஏற்பாடு முழுக்க ஒரே பெஞ்சில் இரண்டு பேர் உட்காருவதை நம்பி நின்றது. பெஞ்ச் இல்லாதபோது செய்தி வரவில்லை. குழுவிலிருந்து ஒரு எண் வெளியேறும், 'லெஃப்ட்' என்று ஒரு வரி விழும். போன் ரிப்பேராக இருக்கும், ரீசார்ஜ் முடிந்திருக்கும், கல்யாணமாகவும் இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அனைவரும் தேர்ச்சி அறிவிப்பைக் கேலிசெய்யாதவர்கள் அப்போது குறைவு. 'ஆல்பாஸ் பேட்ச்' என்று இன்றும் மீம் போடுகிறார்கள். 2020இல் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டு, ஒன்பது லட்சத்துக்கும் அதிகமானோரைத் தேர்ச்சி செய்தார்கள். பெண்களின் பக்கமிருந்து இதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற பையன் டுடோரியல் போவான். தோற்ற பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். அந்த ஒரு அறிவிப்பால் பதினொன்றாம் வகுப்புக்கு வந்துசேர்ந்தவர்கள் எங்கள் பள்ளியிலேயே இருந்தார்கள். அவர்களில் சிலர் இன்று பட்டதாரிகள். கேலி செய்கிறவர்கள் இதை அறியமாட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் பள்ளி எதனால் முழுக்கச் சிதறிப்போகவில்லை என்று யோசித்தால், பெண்களின் ஊதியமில்லா உழைப்புதான் கண்ணுக்குத் தெரிகிறது. பாடப்புத்தகம் வாங்க, உலர்பொருள் வாங்க, சேர்க்கைக்கு என்று பள்ளிக்கு வந்தது ஏறக்குறைய அம்மாக்கள்தான். நூறுநாள் வேலைக்கு நடுவே வந்து வரிசையில் நின்றார்கள். என் பணிக்காலத்தில் அவ்வளவு அம்மாக்களோடு நான் பேசியதில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பேசாதவற்றை அந்த வரிசையில் பேசினார்கள். தனியார் பள்ளிகளில் நிலைமை வேறு. உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில் கட்டணத்தைத் தவணையாக, முதலில் 40 சதவீதம், பள்ளி திறந்த பிறகு 35 சதவீதம் என்று வசூலிக்க அனுமதித்தது. அதை வசூலித்த இடங்களிலும்கூட, பாதிச் சம்பளத்துக்கோ சம்பளமே இல்லாமலோ வேலைபார்த்தவர்கள் மழலையர் வகுப்பு ஆசிரியைகளும் ஆயாக்களும். இட்லி மாவு விற்றவர்களை எனக்குத் தெரியும். கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றிய குடும்பங்களில், முதலில் மாற்றப்பட்டது மகள். மகன் கூடுமானவரை அங்கேயே இருந்தான். எங்கள் சேர்க்கைப் பதிவேடு பருத்த மகிழ்ச்சியில் இதை நாங்கள் கவனிக்கத் தவறக் கூடாது.

ஆசிரியைகளின் கைபேசி எண் ஊர் முழுக்கப் பரவியது இன்னொரு கதை. பிள்ளையின் எண் என்று குழுவில் சேர்த்தது உண்மையில் யாரோ மாமாவின் எண். இரவில் 'ஹாய் மிஸ்' வரும். முகப்புப் படத்தை எடுத்துவிட்டுப் பூ வைத்துக்கொண்டவர்கள் எங்களில் பாதிப்பேர்.

2021 மே மாதம் சென்னையின் பெயர்பெற்ற தனியார் பள்ளியொன்றின் ஆசிரியர் ஆன்லைன் வகுப்பில் நடந்துகொண்ட விதம் பற்றி முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் எழுதினார்கள். அவர் போக்சோ சட்டத்தில் கைதானார். அடுத்த நாட்களில் வேறு பல பள்ளிகளின் மாணவிகளும் பேசத் தொடங்கினார்கள். பத்து, பதினைந்து வருடம் முன்பு படித்தவர்கள்கூட. எத்தனையோ வருடம் வகுப்பறைச் சுவர்களுக்குள் நடந்தது, திரையில் தெரிந்ததும்தான் சாட்சியாக மாறியது. ஒருத்தி எழுதிய பதிவின் கீழே இன்னொருத்தி 'எனக்கும்' என்று எழுதியபோது அங்கே உருவானதும் ஒரு பள்ளிச் சமூகம்தான். அரசு உடனே உத்தரவிட்டது: ஆன்லைன் வகுப்புகள் பதிவுசெய்யப்பட வேண்டும், அவற்றைக் குழு வைத்துப் பார்வையிட வேண்டும், புகாருக்கு 14417. உடை பற்றியும் விதி வந்தது. ஆசிரியருக்கு மட்டுமல்ல, மாணவிக்கும் சேர்த்து. அத்துமீறியது யார், உடைக்கட்டுப்பாடு யாருக்கு என்று அன்று ஆசிரியர் அறையில் நாங்கள் கேட்டுக்கொண்டதை இங்கே பதிவுசெய்து வைக்கிறேன்.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. மாலையில் ஒன்றரை மணி நேரம், ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள் அளவில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஆயிரம் ரூபாய்க்கு ஆண்கள் வரமாட்டார்கள் என்பது திட்டம் தீட்டியவர்களுக்கும் தெரிந்திருக்கும். தன்னார்வலர்களில் மிகப் பெரும்பான்மை பெண்களே. குறைந்த காசுக்குப் பெண்ணுழைப்பு என்ற விமர்சனம் சரியானது. சத்துணவு ஊழியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று இதற்கு நீண்ட மரபு இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் ஒன்றியத்தில் பயிற்சிக்கு வந்தவர்களில் என் மாணவிகள் பலர் இருந்தார்கள். தேர்வே எழுதாமல் பன்னிரண்டு முடித்தவர்கள், கல்லூரியில் சேர்த்துவிடுகிறேன் என்ற வாக்கின்மேல் கல்யாணம் செய்துகொண்டு சேர்க்கப்படாதவர்கள், கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்தவர்கள்.

அவர்களில் ஒருத்தியின் வகுப்புக்கு ஒருமுறை போனேன். மாமியார் வீட்டுத் திண்ணைதான் வகுப்பறை. பதினாறு பிள்ளைகள், ஒரு சார்ட், தகரப் பெட்டியில் கலர் பென்சில். உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளில் ஒன்று திரும்பி, "எங்க மிஸ் இப்ப வர முடியாது" என்றது. உள்ளே குரல் அடங்கிவிட்டது. அந்த ஊக்கத்தொகைக்காகத்தான் அவள் பெயரில் முதன்முதலாக வங்கிக் கணக்கு திறந்தார்கள். அட்டை கணவனிடம் இருந்தது. ஏழாவது மாதத்தில் அதைக் கேட்டு வாங்கிவிட்டதாகப் போனில் சொன்னாள். கேட்ட அன்று இரண்டு நாள் வீட்டில் யாரும் பேசவில்லையாம். அடுத்த ஜூனில் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள், விண்ணப்பத்தில் தொடர்பு எண் என்ற இடத்தில் தன்னுடைய சொந்த எண்ணைத்தான் எழுதியிருந்தாள்.